அப்பாவுக்குப் பேச்சு திரும்பி வருகிற இடம்: மதுரையில் ஒரு ஸ்பீச் தெரபி மையம்

பக்கவாதம் வந்து பேச்சு நின்றுபோனவர்களை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். மதுரையில் வைகைக்கு வடகரையில் இருக்கிற ஒரு சின்ன ஸ்பீச் தெரபி மையத்துக்குப் போன வருஷத்திலிருந்து அப்பாவை அழைத்துப் போகிறோம். அந்த மையத்தைப் பற்றிய என் அபிப்பிராயம் இது. பெயரும் முகவரியும் போடவில்லை. எழுதப் போகிறேன் என்று அங்கிருக்கும் தெரபிஸ்டிடம் சொன்னபோது, "என் பேரு வேணாம்க்கா. ஊருக்கு ஊர் ஆளுங்க இருக்காங்க. எதைப் பாத்துச் சேர்க்கணும்னு எழுதுங்க, அது எல்லாருக்கும் உதவும்" என்றார். எனக்கும் அது சரியாகப் பட்டது.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். போகலாம், கட்டாயம் போகலாம். ஆனால் வாரத்துக்கு இரண்டு நாள் கொண்டுபோய் உட்கார வைத்துவிட்டு, பேச வைத்து அனுப்புவார்கள் என்று வெளியே காத்திருந்தால் பெரிதாக ஒன்றும் நடக்காது. இந்த மையம் எனக்குப் பிடித்ததற்கு முதல் காரணமே, அப்பாவுக்குச் சொல்லிக்கொடுத்த அளவுக்கு எங்களுக்கும் சொல்லிக்கொடுத்தார்கள் என்பதுதான்.

அப்பா அரசுப் பேருந்தில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். பெரும்பாலும் மதுரை–தேனி தடம். திருவிழாக் கூட்டத்திலும் கடைசி சீட்டு வரைக்கும் கேட்கிற குரல். மூளையின் இடப்பக்கம் ரத்தக்குழாய் அடைத்து வலது கையும் காலும் விழுந்தன, பேச்சும் கூடவே போனது. கால் சீக்கிரம் தேறியது, கை பாதி தேறியது. பேச்சில் மிஞ்சியது ஒரே ஒரு சொல்: "ரைட்டு." பசித்தாலும் ரைட்டு, வலித்தாலும் ரைட்டு, வேண்டாம் என்பதற்கும் ரைட்டு. ராகம் மட்டும் மாறும். சொல்லி முடித்ததும், தான் சொல்ல வந்தது அது இல்லை என்று அவருக்கே தெரியும். இடது கையால் நெற்றியில் அடித்துக்கொள்வார். அதைப் பார்க்கிறதுதான் எங்களுக்கு ரொம்பக் கஷ்டமாக இருந்தது.

டிஸ்சார்ஜ் செய்தபோது பிரஷர் மாத்திரை, ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை, பிசியோதெரபி எல்லாம் எழுதிக் கொடுத்தார்கள். பேச்சைப் பற்றிக் கேட்டதற்கு "போகப் போக வந்துரும்" என்றார்கள். பக்கவாதம் வந்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு இந்தச் சிக்கல் வருகிறது, இதற்கு அபேசியா என்று பெயர் இருக்கிறது, இதற்கென்று படித்தவர்கள் இருக்கிறார்கள் என்பதையெல்லாம் நாங்களாகத்தான் தேடித் தெரிந்துகொண்டோம். இவ்வளவு பேருக்கு வருகிற ஒன்றைப் பற்றி டிஸ்சார்ஜ் சீட்டில் ஒரு வரி இல்லாதது எனக்கு இன்னும் ஆறாத வருத்தம்.

இங்கே வருவதற்கு முன் வேறொரு இடத்துக்குப் போனோம். பணத்தை மொத்தமாக முன்கூட்டியே வாங்கிக்கொண்டார்கள். எங்களை வெளியே உட்காரச் சொன்னார்கள். உள்ளே அப்பாவை நாக்கை நீட்டச் சொல்லி, மடக்கச் சொல்லி, மெழுகுவத்தியை ஊதச் சொல்லி அனுப்பினார்கள். பிறகு ஒரு படப் புத்தகம். அதில் ஸ்ட்ராபெர்ரி, பனிவீடு, கங்காரு. உசிலம்பட்டிச் சந்தையில் காய் வாங்கிய மனுஷனுக்கு ஸ்ட்ராபெர்ரி என்று சொல்ல வராததை வைத்து மார்க் போட்டார்கள். அப்பா நாக்கை நீட்டுவார், மெழுகுவத்தியை ஊதுவார், எல்லாம் சரியாகச் செய்வார். அவர் நாக்கில் கோளாறே இல்லை. சாப்பிடும்போது பல்லிடுக்கில் மாட்டினதை அதே நாக்குதான் துழாவி எடுக்கிறது. கோளாறு, சொல்ல வேண்டிய சொல்லை மூளை எடுத்துக் கொடுப்பதில் இருந்தது.

இந்த விளக்கத்தை எங்களுக்குக் கொடுத்தது இப்போது போகிற மையம். முதல் நாள் ஒரு மணி நேரத்துக்கு மேல் பரிசோதனை மட்டும்தான். தெரபிஸ்ட் மேஜை மேல் சாவி, சீப்பு, பேனா, டம்ளர் வைத்து "சாவியைக் காட்டுங்க" என்றார். காட்டினார். "சீப்பைத் தொட்டுட்டு அப்புறம் பேனாவை எடுங்க" என்றார். அதையும் செய்தார். "பேனாவால டம்ளரைத் தொடுங்க" என்றதும் தடுமாறினார். "இது உங்க மகளா? இது உங்க அம்மாவா? மதுரை கடற்கரையில இருக்கா?" என்று கேட்டு, தலையாட்டுவது சரியாக இருக்கிறதா என்று குறித்துக்கொண்டார். இடது கையில் பென்சில் கொடுத்துப் பெயர் எழுதச் சொன்னார். முதல் இரண்டு எழுத்து வந்தது. ஒன்று, இரண்டு எண்ணச் சொன்னார். "போதும்" என்று திரும்பச் சொல்லச் சொன்னார், உதடு அங்குமிங்கும் தேடியது, ஒலி வரவில்லை. எல்லாம் முடிந்ததும் ஒரு தாளில் எழுதிக் காட்டினார்: கேட்பதில் பெரும்பகுதி புரிகிறது, சொல் எடுப்பதில் பெரிய சிக்கல், எடுத்த சொல்லுக்கு வாயை எப்படி வைப்பது என்ற திட்டத்தில் இன்னொரு சிக்கல், தசை பலவீனம் மிகக் கொஞ்சம். மூன்றுக்கும் பயிற்சி வேறு வேறு. முதலில் போன இடத்தில் மூன்றையும் பிரித்தே பார்க்கவில்லை.

அன்றைக்கே இன்னொன்றும் பார்த்தார். அப்பாவுக்குத் தண்ணீர் குடித்தால் லேசாக இருமல் வரும், நாங்கள் சளி என்று விட்டிருந்தோம். அவர் ஒரு ஸ்பூன் தண்ணீர் கொடுத்து, குரல்வளையின் மேல் இரண்டு விரலை வைத்து விழுங்கச் சொல்லி, விழுங்கியதும் "ஆ" சொல்லச் சொல்லிக் குரல் ஈரமாகக் கேட்கிறதா என்று கவனித்தார். விழுங்குவதும் ஸ்பீச் தெரபிஸ்ட் வேலைதான் என்பது பலருக்குத் தெரியாது. தண்ணீர் மூச்சுக்குழாய்க்குள் கொஞ்சம் கொஞ்சமாகப் போனால் நிமோனியா வரலாம், பக்கவாதக்காரர்களுக்கு அது உயிருக்கே ஆபத்து. நிமிர்ந்து உட்கார்ந்து, தாடையைத் தாழ்த்தி, ஒவ்வொரு மடக்காக, டிவியை நிறுத்திவிட்டுக் குடிக்க வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தார். ஒவ்வொருவருக்கும் இது மாறும், பரிசோதிக்காமல் யாரும் இதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். அப்பாவுக்கு இருமல் குறைந்தது.

தெரபிஸ்ட் பேசிய விதத்தைச் சொல்ல வேண்டும். வயது முப்பதுக்குள் இருக்கும். எங்களைப் பார்த்து "இவருக்கு" என்று ஒருமுறைகூட ஆரம்பிக்கவில்லை. அப்பா முகத்தைப் பார்த்து, "ஐயா, உங்களுக்கு எல்லாம் புரியுது. புத்தி நல்லா இருக்கு. சொல் வெளிய வர்ற வழியிலதான் அடைப்பு" என்றார். பிறகு 1861-ல் பாரிஸில் பால் புரோக்கா என்ற மருத்துவர் பார்த்த நோயாளி ஒருவரைப் பற்றிச் சொன்னார். அந்த மனிதருக்கு வந்தது "டான்" என்ற ஒரே ஒலி. யார் என்ன கேட்டாலும் டான், டான். சொல்வதைப் புரிந்துகொள்வார், கையால் சைகை காட்டுவார். அவர் இறந்த பிறகு மூளையைப் பார்த்தபோது இடது முன்பகுதியில் சேதம் இருந்தது. இன்றும் அந்தப் பகுதிக்குப் புரோக்கா பெயர்தான். "உங்களுக்கு ரைட்டு மாதிரி, ஐயா" என்றார். அப்பா கூர்ந்து கேட்டார். மருத்துவமனையை விட்டு வந்த பிறகு, அவருக்கு என்ன ஆனது என்று அவரிடமே யாரோ விளக்கிச் சொன்னது அதுதான் முதல் தடவை.

முதல் இலக்காகத் தெரபிஸ்ட் எடுத்தது பேச்சையே இல்லை, "ஆமா–இல்ல"யைத்தான். எல்லாவற்றுக்கும் ரைட்டு வருவதால் வாயை நம்ப முடியாது. பச்சை அட்டை ஆமாவுக்கு, சிவப்பு அட்டை இல்லைக்கு. கேள்வி கேட்டால் அப்பா அட்டையைத் தொட வேண்டும். வீட்டில் அதற்குப் பிறகு பாதிச் சண்டை ஓய்ந்தது. சட்டை மாற்றுவது, மாத்திரை, பாத்ரூம், பெரியப்பா வந்தால் பார்க்கிறாரா இல்லையா எல்லாவற்றிலும் அவர் விருப்பம் தெரிய ஆரம்பித்தது. பேச்சு வருவதற்கு முன்னாலேயே ஒருவர் சொல்வதற்கு மதிப்பு வந்துவிட முடியும் என்று எனக்குக் காட்டியது அந்த இரண்டு அட்டை.

சில வாரம் கழித்து நடந்ததைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். அப்பாவின் வேலையைப் பற்றித் தெரபிஸ்ட் எங்களிடம் நிறையக் கேட்டு எழுதி வைத்திருந்தார். அன்றைக்கு அட்டை, படம் எதையும் எடுக்கவில்லை. நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்து, "ஐயா, வண்டி ஆரப்பாளையத்துல எடுத்தாச்சு. காளவாசல் தாண்டியாச்சு. அடுத்து?" என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டார். அப்பா அவரையே பார்த்தார். உதடு இரண்டு மூன்று தடவை திறந்து மூடியது. அம்மா ஏதோ சொல்லப் போனார், தெரபிஸ்ட் கையை லேசாக உயர்த்தி நிறுத்தினார். "நா... நாக... நாகமலை" என்று வந்தது. பிறகு தடையே இல்லை. "புதுக்கோட்டை, செக்கானூரணி, கருமாத்தூர், உசிலம்பட்டி, ஆண்டிபட்டி, தேனி." அதே பழைய குரல், அதே இழுப்பு. அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார்.

எங்கள் சந்தோஷத்தை அவர் கெடுக்கவில்லை, ஆனால் தெளிவாகச் சொன்னார். எண்கள், கிழமைகள், சாமி ஸ்தோத்திரம், வருஷக்கணக்காகச் சொல்லிப் பழகிய வரிசைகள் எல்லாம் மூளையில் வேறு விதமாகத் தங்கும், அதனால் அபேசியாவிலும் அவை பல பேருக்கு மிஞ்சும். சங்கிலி மாதிரி ஒன்றை இழுத்தால் மற்றது வரும். அதை வைத்துப் பேச்சு திரும்பிவிட்டது என்று நினைத்துவிடக் கூடாது. "இந்த வரிசைக்குள்ள இருந்து ஒவ்வொரு பேரையா வெளிய எடுக்கணும். அதுதான் வேலை" என்றார்.

எடுத்த விதம் இதுதான். முதலில் வரிசை முழுக்க. பிறகு நடுவில் நிறுத்தி, "செக்கானூரணிக்கு அடுத்து?" பிறகு பின்னோக்கி, "உசிலம்பட்டிக்கு முன்னாடி?" இது ரொம்பக் கஷ்டமாக இருந்தது. பிறகு வரிசையையே விட்டுவிட்டு, "உங்க மருமகன் எந்த ஊரு?" என்று ஒரு கேள்வி. என் வீட்டுக்காரருக்கு ஆண்டிபட்டி. அப்பா மனசுக்குள் காளவாசலிலிருந்து ஓட்டி வருவது உதட்டில் தெரியும், ஊர் ஊராக முணுமுணுத்து வந்து "ஆண்டிபட்டி"யில் நிறுத்துவார். பல வாரம் அப்படித்தான். அப்புறம் ஒரு நாள் முணுமுணுப்பு இல்லாமல் நேராகவே வந்தது. பிறகு அதோடு இன்னொரு சொல்: "ஆண்டிபட்டி போணும்." இது கேள்விக்குப் பதில் இல்லை, அவராகச் சொன்னது.

கணக்கிலும் இதே முறை. "மூணு டிக்கெட், ஒண்ணு பதினெட்டு ரூபா" என்றால் இடது கையால் 54 என்று கோணலாக எழுதிவிடுவார், வாய் மட்டும் "நாப்பது" என்னும். கணக்கு தலைக்குள் பத்திரமாக இருக்கிறது, எண்ணின் பெயர்தான் மாறி வருகிறது. அதனால் முதலில் எழுது, எழுதியதைப் பார்த்துப் படி என்று ஆரம்பித்தார். இப்போது பெட்டிக்கடையில் மீதிச் சில்லறை தப்பாக வந்தால் அப்பா அதை மேஜை மேல் வைத்து விரலால் தள்ளி, சரியான தொகையைச் சொல்லிவிடுகிறார்.

தாளம் தட்டிப் பேசும் பயிற்சியும் உண்டு. இடது கையால் மேஜையைத் தட்டிக்கொண்டு, மேல் சுரம், கீழ் சுரம் என்று இரண்டே சுரத்தில் "தண்–ணி–வே–ணும்", "கா–லு–வலிக்–குது" என்று இழுத்துச் சொல்வது. 1973-ல் அமெரிக்காவின் பாஸ்டனில் மூன்று ஆய்வாளர்கள் வெளியிட்ட முறை இது. பேச முடியாதவர்கள் சிலர் பாடுவதைக் கவனித்து உருவாக்கினார்கள். பலன் மெட்டால் வருகிறதா, தாளத்தால் வருகிறதா என்று இன்றும் விவாதம் நடக்கிறது. அப்பாவுக்குத் தாளம்தான் உதவியது என்று எனக்குப் படுகிறது, மெட்டை அவர் கண்டுகொள்ளவே இல்லை. படியில் இறங்கும்போதுகூடத் தொடையில் தட்டிக்கொண்டு "மெது–வா–போ" என்பார்.

வீட்டுப் பாடத்தைப் பற்றிச் சொல்லாமல் இந்த மையத்தைப் பற்றிச் சொன்னதாகாது. அம்மா நாற்பது வருஷமாக அப்பாவுக்குத் தேவையானதைக் கேட்காமலே செய்து பழகியவர். அவருக்குக் கொடுத்த பாடம்: "தட்டுல தோசையை மட்டும் வைங்கம்மா. சட்னி வைக்காதீங்க. அவரு கேக்கட்டும்." அம்மாவுக்கு மனசே வரவில்லை. "நோயாளி மனுஷனைப் போயி எப்படிம்மா?" என்றார். தெரபிஸ்ட் பொறுமையாக ஒரு வரிசை போட்டுக் கொடுத்தார். மனசுக்குள் பத்து எண்ணும் வரை காத்திருக்கணும், முகத்தைப் பார்த்துக்கொண்டு. வராவிட்டால் கிண்ணத்தைக் காட்டணும். அப்புறம் குறிப்பு, "தேங்கா அரைச்சுப் பண்ணது." அப்புறம் முதல் ஒலி, "ச..." அப்பவும் வராவிட்டால் இருவரும் சேர்ந்து சொல்லிவிட்டுச் சட்னியை வைத்துவிட வேண்டும். சாப்பாட்டைப் பிடித்து வைத்துக்கொண்டு பேச்சு கேட்கக் கூடாது என்பதைத் திரும்பத் திரும்பச் சொன்னார். எந்தப் படியில் சொல் வந்தது என்று ஒரு நோட்டில் குறிக்கணும். இந்த நோட்டுதான் முன்னேற்றத்தின் அளவுகோல். "சட்னி" ஆரம்பத்தில் சேர்ந்து சொன்னால்தான் வரும். பிறகு "ச" என்றால் வந்தது. இப்போது அம்மா அடுப்படியிலிருந்து வருவதற்குள் "சட்னி எங்க" என்று குரல் வருகிறது. அம்மாவைப் போல அப்பாவின் பேச்சுக்கு உழைத்தவர் வேறு யாருமில்லை, அதை எப்படிச் செய்வது என்று காட்டிக் கொடுத்தது இந்த இடம்.

படங்களும் எங்கள் வீட்டுப் படங்கள்தான். டவரா டம்ளர், சொம்பு, மாத்திரை அட்டை, பேரன், தெருமுனை டீக்கடை, பென்ஷன் வாங்குகிற வங்கி வாசல் எல்லாவற்றையும் போனில் எடுத்து வரச் சொல்லி, பிரிண்ட் போட்டு ஒரு சின்ன ஆல்பமாக்கிக் கொடுத்தார். சொல் வராதபோது அப்பா அதைத் திறந்து காட்டுவார். படம் காட்டிப் பழகினால் பேச்சு வராமல் போய்விடுமோ என்று சொந்தக்காரர்கள் பயமுறுத்தினார்கள். நடந்தது நேர்மாறு, படத்தைக் காட்டும்போது கூடவே சொல்லும் வர ஆரம்பித்தது. வாக்கியங்களையும் வீட்டில் பேசுகிற மாதிரியே எழுதிக் கொடுத்தார்கள். முதலில் போன இடத்தில் கொடுத்த தாளில் "அவன் நீர் அருந்துகிறான்" என்று இருந்தது. அப்பா வாழ்நாளில் யாரிடமும் அப்படிச் சொன்னதில்லை.

எவ்வளவு பயிற்சி வேண்டும் என்பதுதான் எல்லோரும் கேட்கிற கேள்வி. ஜெர்மனியில் 156 பேரை வைத்துச் செய்து 2017-ல் வெளியான ஆய்வு ஒன்றைத் தெரபிஸ்ட் சொன்னார். பக்கவாதம் வந்து ஆறு மாதமோ அதற்கு மேலோ ஆனவர்கள். குறைந்தது மூன்று வாரம், வாரத்துக்குப் பத்து மணி நேரத்துக்குக் குறையாமல் பயிற்சி கொடுத்ததில், அன்றாடப் பேச்சு தெளிவாக முன்னேறியது. இதில் இரண்டு சேதி இருக்கிறது. ஆறு மாதம் தாண்டினால் அவ்வளவுதான் என்று சொல்வது சரியில்லை. இன்னொன்று, வாரத்துக்கு ஒன்றரை மணி நேரம் போதவே போதாது. எங்களால் பத்து மணி நேரத்துக்குப் பணம் கட்ட முடியாது என்று அவருக்குத் தெரியும். அதனால்தான் மீதி நேரத்தை வீட்டில் செய்ய எங்களைத் தயார் செய்தார். வாட்ஸ்அப்பில் குரல் பதிவு அனுப்பினால் கேட்டுத் திருத்துவார். ராத்திரி அனுப்பினாலும் மறுநாள் காலையில் பதில் இருக்கும்.

சனிக்கிழமை குழுப் பயிற்சி நடக்கும். அபேசியாக்காரர்கள் நாலைந்து பேர் வட்டமாக உட்கார்ந்து, ஒரு பொருளைப் பற்றிப் பேசுவார்கள், எழுதுவார்கள், சைகை காட்டுவார்கள், எது வந்தாலும் சரி. ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் ஒருவரும் தையல்காரர் ஒருவரும் வருகிறார்கள். வீட்டில் யாரும் காத்திருக்காத அளவுக்கு அவர்கள் ஒருவருக்காக ஒருவர் காத்திருக்கிறார்கள். அப்பா வாரம் முழுக்க எதிர்பார்ப்பது அதைத்தான். சட்டைக்கு இஸ்திரி போடச் சொல்லிக் கேட்பது அந்த ஒரு நாளுக்கு மட்டும்தான்.

பக்கவாதத்துக்கு மட்டுமே உள்ள இடம் இல்லை இது. எங்களுக்கு முந்தின நேரத்தில் பார்க்கின்சன் என்கிற நடுக்குவாதம் உள்ள ஒரு அம்மா வருவார். பக்கத்தில் உட்கார்ந்தாலும் கேட்காத குரல். "உரக்க, இன்னும் உரக்க" என்று ஒரே இலக்கு அவருக்கு. வாரம் நாலு நாள் வீதம் நாலு வாரம், மொத்தம் 16 செஷன் என்று கணக்கிட்டு வகுத்த பயிற்சி அது, அமெரிக்காவில் 1980-களில் உருவானது. கடைசி வாரத்தில் அவர் "ஆ" என்று பிடிக்கிற குரல் வரவேற்பறை வரைக்கும் வந்தது. சாயங்காலம் திக்குவாய் உள்ள பிள்ளைகளும், பேச்சு தாமதமான சின்னக் குழந்தைகளும் வருவார்கள் என்றார்கள். அதைப் பற்றி நான் நேரில் பார்க்கவில்லை.

குறைகளும் உண்டு. முதல் குறை மாடி. இரண்டாவது மாடியில், லிப்ட் இல்லாத கட்டடத்தில், கால் இழுக்கிறவர்கள் வருகிற மையத்தை வைத்திருப்பது நியாயமே இல்லை. அப்பாவால் ஏற முடிகிறது. சக்கர நாற்காலியில் இருக்கிறவர்கள் என்ன செய்வார்கள்? கேட்டதற்கு, கீழ்த்தளத்து வாடகை கட்டுப்படியாகவில்லை என்றார்கள். வீட்டுக்கு வந்து பார்க்கிற வசதியும் இல்லை. இரண்டாவது, பெரியவர்களுக்குக் காலை நேரம் மட்டும்தான். வேலைக்குப் போகிறவர்கள் லீவு போட்டுத்தான் அழைத்து வர முடியும். மூன்றாவது, தெரபிஸ்ட் வராத நாட்களில் பயிற்சி மாணவி ஒருவரை அமர்த்துகிறார்கள். நல்ல பெண்தான், ஆனால் ஒருமுறை முந்தைய குறிப்பைப் படிக்காமலேயே ஆரம்பித்து, அப்பா எப்போதோ தாண்டி வந்த பாடத்தைத் திரும்ப நடத்தினார். அப்பாவுக்குக் கோபம் வந்து, மறைந்துபோயிருந்த "ரைட்டு ரைட்டு" திரும்ப வந்துவிட்டது. புகார் சொன்ன பிறகு குறிப்பு நோட்டு ஒழுங்காகக் கைமாறுகிறது.

கட்டணம்: முதல் பரிசோதனைக்கு 1,000 ரூபாய், 45 நிமிட செஷனுக்கு 600, குழுப் பயிற்சிக்கு 200. ஒவ்வொரு தடவையும் அன்றன்றைக்குக் கொடுத்தால் போதும், முன்பணம் இல்லை. ஓய்வூதியத்தில் வாழ்கிற குடும்பத்துக்கு இது சின்னத் தொகை இல்லை. எங்கள் மருத்துவக் காப்பீட்டில் இது வரவில்லை. தனியாரில் கட்ட முடியாதவர்கள் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் காது மூக்கு தொண்டைப் பிரிவில் விசாரியுங்கள், ஸ்பீச் தெரபிஸ்ட் பெரும்பாலும் அங்கேதான் இருப்பார். சென்னைப் பக்கம் இருப்பவர்களுக்கு முட்டுக்காட்டில் மத்திய அரசின் மாற்றுத்திறனாளிகள் நிறுவனம் இருக்கிறது. மைசூருக்குப் போக முடிந்தால் 1965-ல் தொடங்கிய அகில இந்திய பேச்சு மற்றும் செவித்திறன் நிறுவனம் இருக்கிறது. நாட்டில் இந்தத் துறைக்கே அது தாய்வீடு. தமிழக அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து பிசியோதெரபி செய்கிறார்கள். அதே வண்டியில் ஒரு ஸ்பீச் தெரபிஸ்டும் ஏறி வந்தால் எத்தனையோ கிராமத்து வீடுகளில் பேச்சு திரும்பும். கேட்கிற இடத்தில் இருப்பவர்கள் இதைக் கேட்க வேண்டும்.

சேர்ப்பதற்கு முன் இந்திய மறுவாழ்வு கவுன்சிலின் பதிவு எண்ணைக் கேளுங்கள். 1992 சட்டப்படி அந்தப் பதிவு இருப்பவர்தான் இந்த வேலை செய்யலாம். எங்கள் தெரபிஸ்ட் அதைக் கேட்பதற்கு முன்பே சுவரில் மாட்டியிருந்தார். பரிசோதனை செய்து எழுதித் தருகிறார்களா, உங்களை உள்ளே உட்கார விடுகிறார்களா, நோயாளியிடம் நேராகப் பேசுகிறார்களா என்று பாருங்கள். இன்னொன்று: 2016-ன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் உள்ள 21 வகைகளில் பேச்சு, மொழிக் குறைபாடும் ஒன்று. அபேசியா அதில் பெயர் சொல்லியே இருக்கிறது. குறைபாடு நிலைத்துவிட்டால் சான்றிதழுக்கு விண்ணப்பிக்கலாம். இதையும் எங்களுக்குச் சொன்னது இந்த மையம்தான்.

அப்பா இப்போது எப்படி இருக்கிறார் என்றால், இரண்டு மூன்று சொல் சேர்த்துப் பேசுகிறார். "டீ சூடு இல்ல." "பாப்பா, பஸ் போச்சா?" நீளமான வாக்கியம் வருவதில்லை. களைத்திருந்தாலும் கூட்டமாக இருந்தாலும் பேச்சு குறைந்துவிடும். பழைய மாதிரி முழுக்க ஆகும் என்று யாரும் வாக்குக் கொடுக்கவில்லை, கொடுக்காததால்தான் அவர்களை நம்புகிறேன். டீக்கடைக்குத் தனியாகப் போய் "ஒரு டீ, சக்கரை கம்மி" என்று வாங்கிக் குடித்துவிட்டு வருகிறார்.

இந்த மாதம் எடுத்திருப்பது போன் பேச்சு. முகம் தெரியாது, சைகை செல்லாது என்பதால் அபேசியாக்காரர்களுக்குப் போன்தான் எல்லாவற்றிலும் கடினம். அப்பாவே சொற்களைத் தேர்ந்தெடுத்து, தெரபிஸ்ட் எழுதிக் கொடுத்த நாலு வரியைத் தினமும் படித்துப் பழகுகிறார்: "வணக்கம். கண்டக்டர் பேசுறேன். எனக்குப் பேச்சு மெதுவா வரும். கொஞ்சம் பொறுங்க." தேனி டிப்போவில் அவரோடு வேலை பார்த்த டிரைவர் சித்தப்பாவுக்குத்தான் முதல் போன் என்று அவரே முடிவு செய்திருக்கிறார். சித்தப்பாவிடம் நான் முன்கூட்டியே சொல்லி வைத்திருக்கிறேன், அப்பா முடிக்கிற வரைக்கும் நடுவில் பேசக் கூடாது என்று.